சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த செய்தி தொடர்பாக

அனுப்புநர்:
சீசன் டிக்கெட்காரர்,
கிழக்கு கேலரி.

பெறுநர்:
தலைமை நிர்வாக அதிகாரி அவர்கள்,
கால்பந்து கிளப் அலுவலகம்.

பொருள்: பதில் வராத மூன்று மின்னஞ்சல்கள், ஒரு டிரம், மற்றும் அடுத்த சீசன் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மாதக் கடைசிக்குள் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்தால் 10 சதவீதம் தள்ளுபடி என்று போன வாரம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ‘அன்பு ரசிகரே’ என்று ஆரம்பித்திருந்தீர்கள். இதற்கு முன் கிளப்பிலிருந்து எனக்கு வந்த செய்தியும் போன வருடம் இதே டிக்கெட்டை வாங்கச் சொல்லி வந்ததுதான். நடுவில் சொந்த மைதானத்தில் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்றில் ஜெயித்தோம், இரண்டு பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டோம். அதைப் பற்றி ஒரு வரி வரவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் என் பங்குக்கு நான் பேசிவிடுகிறேன்.

தோற்றதற்காக யாரையும் திட்டப்போவதில்லை. ஆறு வருடமாக அந்த கேலரியில் உட்காருகிறவனுக்குத் தோல்வி பழகிப்போன விஷயம். இரண்டாவது பயிற்சியாளரை ஏன் அனுப்பினீர்கள் என்று மட்டும் யாராவது சொல்லியிருக்கலாம். அவர் போனதே பத்திரிகையில் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

நாலு கோல் வாங்கித் தோற்ற அந்த ஆட்டத்தைத்தான் மறக்க முடியவில்லை. விசில் ஊதியதும் வீரர்கள் தலையைக் குனிந்தபடி நேராக உள்ளே போய்விட்டார்கள். கேப்டன் மட்டும் திரும்பி எங்கள் பக்கம் நடந்து வந்தார். பாதி தூரம் வந்திருப்பார், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் ஓடிவந்து அவர் தோளில் கை போட்டுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டம் அடித்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ. அப்போது கேலரியில் மிஞ்சியிருந்தது நாற்பது பேர்தான். அதில் என் பதினொரு வயது மகளும் ஒருத்தி. ‘அவர் நம்மகிட்டதானே வந்தார், ஏன்பா கூட்டிட்டுப் போயிட்டாங்க?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அன்று இரவு பதினொரு மணிக்கு கிளப்பின் இணையப் பக்கத்தில் மன்னிப்பு கேட்டு ஒரு படம் போட்டீர்கள். அதில் எதிரணி என்று அதற்கு முந்தைய வாரம் ஆடிய அணியின் பெயர் இருந்தது. பழைய படத்தை எடுத்துத் தேதியை மாற்றியவர் அணியின் பெயரை மாற்ற மறந்துவிட்டார் போல. காலையில் எல்லோரும் சிரித்த பிறகு அதை எடுத்துவிட்டீர்கள். அந்தப் படமே வராமல் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை மாலை ஆட்டத்தைப் புதன்கிழமை இரவுக்கு மாற்றி இரண்டு நாள் முன்னால் சொன்னது, வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிவிட்டு உள்ளே காகிதக் கப் தண்ணீருக்கு இருபது ரூபாய் வாங்கியது, இதெல்லாம் என் மூன்று மின்னஞ்சல்களில் விவரமாக இருக்கிறது. 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம் என்று உங்கள் கணினி மூன்று முறையும் உடனே பதில் போட்டது. நாலு மாதம் ஆகிறது.

ஐயா, ரசிகர்களைத் திரும்ப அழைத்துவர விளம்பர நிறுவனமெல்லாம் வேண்டாம். 2018 ஜூன் மாதம் மும்பையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சீன தைபே அணியை இந்தியா 5-0 என்று ஜெயித்தபோது மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அப்போதைய இந்திய கேப்டன் சுனில் சேத்ரி கேமரா முன்னால் நின்று, திட்டுவதாக இருந்தாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கென்யாவுடன் நடந்த அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. நம் கேப்டனும் அன்றைக்கு அப்படி எங்களிடம் நேராகப் பேசத்தான் நடந்து வந்தார் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் கதை வேறு மாதிரி. 2016இல் அடுத்த சீசனுக்கு ஒரு பகுதி டிக்கெட்டை 77 பவுண்டுக்கு விற்கப்போவதாக அறிவித்தார்கள். சண்டர்லாந்துடன் ஆடிய ஆட்டத்தில் 77ஆவது நிமிடம் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது, கடைசியில் 2-2. ஒரு வாரத்துக்குள் உரிமையாளர்கள் மன்னிப்பு கேட்டு அந்த விலையைத் திரும்பப் பெற்றார்கள். இன்னொரு இங்கிலாந்து கிளப்பான டாட்டன்ஹாம் 2023 ஏப்ரலில் நியூகாசிலிடம் 6-1 என்று தோற்றது, அதில் ஐந்து கோல் முதல் 21 நிமிடத்திலேயே. அவ்வளவு தூரம் போய் அதைப் பார்த்த ரசிகர்களுக்கு வீரர்களே டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குப் புதன்கிழமை ஆட்டத்துக்கான காசை மட்டும் கொடுத்தால் போதும், டிக்கெட் இருந்தும் இரவு வேலையால் வர முடியவில்லை.

ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். வேல்ஸ் நாட்டு கிளப்பான கார்டிஃப் சிட்டியைப் பாருங்கள். பரம்பரையாக நீல ஜெர்ஸி போட்டவர்களை 2012இல் உரிமையாளர் வின்சென்ட் டான் சிவப்புக்கு மாற்றினார். அடுத்த ஆண்டே அணி இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீகுக்குப் போனது, அப்படியும் சிவப்பு மேலிருந்த கசப்பு போகவில்லை. 2015 ஜனவரியில் நீலத்தையே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் நம் ஜெர்ஸியில் கை வைக்கவில்லை, அந்த மட்டில் நன்றி.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு மாலை, வெயில் தாழ்ந்த பிறகு, நீங்களும் புதுப் பயிற்சியாளரும் கிழக்கு கேலரிக்கு வாருங்கள். மேடை, மாலை, மைக் எதுவும் வேண்டாம். நாங்கள் கேட்பதற்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆட்ட நேரத்தை மாற்றினால் பத்து நாள் முன்னால் தகவல், வர முடியாதவர்களுக்குக் காசு வாபஸ் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஆட்டம் முடிந்து எங்கள் பக்கம் வர நினைக்கிற வீரரைத் தடுக்காதீர்கள். நாங்கள் கத்துவோம், அவ்வளவுதான்.

கடைசியாக, கேலரியில் நாங்கள் அடிக்கும் டிரம். நாலு கோல் ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டத்தில் பாதுகாப்புக் காரணம் என்று வாசலில் வாங்கி வைத்தார்கள். எழுத்தில் எந்தத் தடையும் காட்டவில்லை. இப்போது அது வாகன நிறுத்தம் பக்கத்து வாட்ச்மேன் அறையில், ஒழுகுகிற மூலையில் கிடக்கிறது. தோல் நனைந்து தொய்ந்துபோய்விட்டது, தட்டினால் தகரம் மாதிரி சத்தம் வருகிறது. தோல் மாற்றும் செலவை நாங்களே பிரித்துக்கொள்கிறோம்.

டிக்கெட்டை இன்னும் புதுப்பிக்கவில்லை. மகள் தினமும் கேட்கிறாள், நானும் இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டிரம்மை எடுக்க அவளுடன் வருகிறேன். அலுவலகத்தில் பதில் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால், அப்படியே பணத்தையும் கட்டிவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
கிழக்கு கேலரி சீசன் டிக்கெட்காரர்