ட்ரோம்சோவிலிருந்து அக்காவுக்கு

ட்ரோம்சோ, ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். நீ, அத்தான், பிள்ளைகள், அம்மா எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது. தையல்காரர் மகன் போய்விட்டான் என்பதைப் போனில் சொல்லாமல் எழுதித் தெரிவித்தாயே, நல்லது செய்தாய். போனில் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். 42 வயது சாகிற வயதா, அக்கா? சாரத்தில் ஏறப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டிப் படிக்க வெகு நேரமாயிற்று.

நான் வந்து சேர்ந்திருக்கும் இந்த நார்வே வடகோடியை எனக்கு முன்பே அறிந்தவன் அவன். எட்டாம் வகுப்பில், பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதால் 66½ டிகிரிக்கு வடக்கே குளிர்காலத்தில் சூரியன் உதிக்காத நாட்கள் உண்டு என்று புவியியல் ஐயா சொன்னார். இவன் எழுந்து, "அங்கே இருப்பவர்கள் பொங்கலுக்கு எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவார்கள் ஐயா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, ஐயா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்து அட்லஸ் அவன் பொறுப்பில்தான் இருந்தது. நார்வே துறைமுகங்கள் குளிர்காலத்தில் உறைவதில்லை, ஏன் என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு 'வளைகுடா நீரோட்டம்' என்று எழுதியதோடு விடமாட்டான். அது அட்லாண்டிக்கைக் கடந்து வரும் பாதையையும் விடைத்தாள் ஓரத்தில் வரைவான். நீலப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு வரைவதால் கீழுதட்டில் நீலம் அப்பியிருக்கும். அப்படிப்பட்டவனை ஒன்பதாவதோடு நிறுத்திக் கொத்தனாருக்குக் கையாளாக அனுப்பினார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவன் வரைந்த நீரோட்டம் உண்மைதான், அக்கா. 69 டிகிரி வடக்கில் இருக்கிறோம், துறைமுகத்தில் தண்ணீர் அலையடிக்கிறது, படகுகள் போய் வருகின்றன. தெருவில்தான் பனிக்கட்டி. செருப்புக்கடியில் ஆணி வைத்த ரப்பர்ப் பட்டையை மாட்டாமல் வாசலைத் தாண்ட முடியாது. நவம்பர் 27 முதல் ஜனவரி 15 வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. அதற்காக நாள் முழுக்கக் கும்மிருட்டு என்று நினைத்துவிடாதே. நண்பகலையொட்டிச் சில மணி நேரம் வானமும் பனியும் மைநீலமாக இருக்கும். 15-க்குப் பிறகும் மலை மறைப்பதால், ஊருக்குள் சூரியன் தெரிவது 21-ஆம் தேதிதான். அன்றைக்கு இவர்கள் அதற்கென்றே இனிப்பு ரொட்டி தின்று கொண்டாடுவார்கள்.

பொங்கலன்று மின்னடுப்பில் பால் பொங்கவிட்டேன். நண்பகலில் தெற்கு வானம் சிவந்தது, அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். அவன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எழுத நினைத்திருந்தேன். மறுநாள் உன் கடிதம் வந்தது.

பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி இருக்கிறார். நாற்காலி பொருத்திய சறுக்குவண்டியைக் காலால் உந்திக்கொண்டே கடைக்குப் போய் வருவார். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார், சொன்னேன். தன் வகுப்பில் தான் ஒருத்திதான் மிச்சம் என்றார். பிறகு இங்கே எல்லோரும் குளிர்காலத்தில் குடிக்கும் மீன் எண்ணெயை ஒரு கரண்டி ஊற்றி என் வாயருகே நீட்டினார். குடித்தேன். அம்மா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன், அக்கா. அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

சாப்பாட்டுக்கும் குறையில்லை, நான் வேலை செய்யும் மீன் ஆலையிலேயே காட் மீன் கிடைக்கிறது, குழம்பு வைத்துக்கொள்கிறேன். இந்த மாதப் பணம் சற்றுத் தாமதமாக வரும். பருவம் இன்னும் சூடு பிடிக்கவில்லை, வேறொன்றுமில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. அவன் இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும், அத்தான் உடனிருந்து முடித்துக் கொடுக்கட்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை அவனிடம் இருந்தது, எனக்குத் தெரியும். நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல், இருந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும். அவன் மனைவி தனியாக அலையக் கூடாது, நீ கூடப் போ. மகள் ஒன்பதாவது படிக்கிறாள் அல்லவா? வீட்டில் யாராவது அவள் படிப்பை நிறுத்தும் பேச்சை எடுத்தால் எனக்குப் போன் செய். ஃபீஸ், புத்தகம் எல்லாம் என் பொறுப்பு என்று அவள் அம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டு வா.

அம்மாவின் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. கொல்லைப்புறச் சுவரை அவன்தான் கட்டித் தருவதாக இருந்தான். வேறு ஆளை அத்தான் விசாரிக்கட்டும். அவனுக்குக் கொடுத்த முன்பணத்தை யாரும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் தம்பி