அரசியல் அறிவியல் படிப்புக்கும் உபகாரச் சம்பளம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவிலிருந்து சென்று சென்னையிலுள்ள ஒரு கல்லூரியில் என் மகள் முதுகலை படிக்கப் போகிறாள் என்று 2022-ஆம் ஆண்டு உறவினர்களிடம் சொன்னபோது, எல்லாரும் கேட்ட முதல் கேள்வி “மருத்துவமா?” என்பதுதான். அரசியல் அறிவியல் என்றதும், “எந்தக் கட்சியில் சேரப் போகிறாள்?” என்றார்கள். உறவினர்கள் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், உபகாரச் சம்பளம் வழங்கும் அறவாரியம் ஒன்றின் நேர்காணலிலும் அதே கேள்வியைக் கேட்டு, சமுதாயத்துக்குப் பயன்தரும் துறைகளுக்கே முன்னுரிமை என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள். அண்மையில் என் நண்பரின் மகனுக்கும் வேறோர் இடத்தில் ஏறக்குறைய அதே பதில் கிடைத்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

இது கட்சி நடத்தக் கற்றுக்கொடுக்கும் படிப்பு அல்ல. இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள். பிளேட்டோவில் தொடங்கி மார்க்ஸ் வரையிலான மேலை அரசியல் சிந்தனை, கௌடில்யர் முதல் அம்பேத்கர் வரையிலான இந்தியச் சிந்தனை, அரசமைப்புச் சட்டம், நாடுகளின் ஆட்சிமுறைகளை ஒப்பிட்டுப் பார்த்தல், அனைத்துலக உறவுகள், பொது நிர்வாகம், இறுதியில் ஓர் ஆய்வேடு என்று போகும்.

இதை ஏன் இந்தியாவில் போய்ப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் மகளின் குறிப்பேடு ஒன்றைக் காட்ட விரும்புகிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் இந்திய அரசமைப்பையும் வலப்பக்கம் நம் கூட்டரசு அரசமைப்பையும் எழுதி வைத்திருக்கிறாள். மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கும் மூன்று பட்டியல்கள் அங்கே ஏழாவது அட்டவணையில் இருக்கின்றன. இங்கே ஒன்பதாவது அட்டவணையில் இருக்கின்றன. நம் அரசமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவர், அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக். கட்சித் தாவலுக்கு எதிராக இந்தியா 1985-இல் கொண்டுவந்த திருத்தத்தைப் போன்ற ஒன்றை நாம் 2022-இல் கொண்டுவந்தோம். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் வகுத்த கோட்பாட்டை, 2018-இல், தன் சம்மதமின்றிப் பிள்ளைகள் மதமாற்றம் செய்யப்பட்டதை எதிர்த்து இந்திரா காந்தி என்ற ஈப்போ தாய் தொடுத்த வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் எடுத்தாண்டது. அந்த வழக்கு நம் வீடுகளில் எத்தனை நாள் பேசப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தப் படிப்பு சமுதாயத்துக்குப் பயன்படாது என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

அவளுடைய ஆய்வேடு உள்ளாட்சித் தேர்தல்களைப் பற்றியது. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது திருத்தத்தின் வழியாக நகராட்சித் தேர்தல்களை இந்தியா அரசமைப்பிலேயே உறுதிசெய்தது. நாமோ 1965-இல் நிறுத்திவைத்து, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவற்றை ஒழித்தே விட்டோம். ஒருநாள் இரவு அவள் தொலைபேசியில் அழைத்து, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் ஜாலான் டி.எஸ். இராமநாதன் என்ற சாலையின் பெயர்ப் பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, மோட்டார் சைக்கிளில் அங்கே போய்ப் படமெடுத்தேன். 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக இருந்தவரின் பெயர் அது என்பதை, எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருந்தும், அந்தப் பலகையின் கீழ் நின்றபோதுதான் நான் அறிந்திருந்தேன். அதுவும் முந்தைய இரவு மகள் சொல்லி.

பாடத்துக்கு வெளியிலும் அவள் நிறையக் கற்றாள். 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தபோது, விடுதியில் சமைக்கும் அம்மா அதிகாலையிலேயே வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு வந்து, மை வைத்த விரலோடு மாணவிகளுக்கு இட்லி பரிமாறினாராம். நாம் இன்னும் வாக்குச்சீட்டில் வாக்களிக்கிறோம் என்று இவள் சொன்னபோது, மின்னணு இயந்திரத்துக்குப் பழகிய அவருக்கு வியப்பாக இருந்ததாம்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கல்லூரி தன்னாட்சி பெற்றதாக இருந்தாலும், பட்டத்தை வழங்குவது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்தான். ஆகவே, மலேசியத் தகுதி முகமையிடம் அங்கீகாரம் பற்றி விசாரிக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். படிப்பு முடிந்தவுடன் கையில் கிடைப்பது தற்காலிகச் சான்றிதழ். பட்டச் சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆகலாம். என் மகள் விண்ணப்பித்த ஓர் அலுவலகத்தில் தற்காலிகச் சான்றிதழை ஏற்க மறுத்ததால் ஒரு நல்ல வாய்ப்பு கைநழுவிப் போனது. நீண்டகால மாணவர் விசாவில் செல்பவர்கள், போய்ச் சேர்ந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவை முடிக்கவும் மறக்கக்கூடாது.

கலைப்படிப்புக்காகத் தமிழ்நாடு செல்வது நமக்குப் புதிதல்ல. மலேசிய இந்திய காங்கிரஸின் முன்னாள் தலைவர் துன் சம்பந்தன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர்தான். உபகாரச் சம்பளம் வழங்கும் நம் இயக்கங்களும் அறவாரியங்களும் அடுத்த ஆண்டு விண்ணப்பப் பாரங்களை அச்சிடும்போது, துறைகளின் பட்டியலில் அரசியல் அறிவியலையும் சேர்க்க வேண்டுமென்றும், நேர்காணலில் கட்சியைப் பற்றிக் கேட்பதை விடுத்து மாணவர் எதை ஆராயப் போகிறார் என்று கேட்க வேண்டுமென்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு தந்தை,
பட்டர்வொர்த், பினாங்கு