ஓரத்தில் சரி போட்ட அக்காவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

லிப்ரே ஒபிஸ் ரைட்டர் என்ற இலவச ஆவணம் எழுதும் மென்பொருளுக்கான எங்கள் தமிழ் வழிகாட்டி 25.8 பதிப்புக்கு ஏற்பத் திருத்தப்பட்டு, நேற்றிரவு பிடிஎஃப் ஏறிவிட்டது. வகுப்பும் சொன்ன திகதிக்கே தொடங்குகிறது. இடையில் பட்ட பாடு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உள்ள உங்களுக்குத் தெரியாததல்ல, அதைத் திரும்ப எழுதவில்லை. கை சும்மா இருக்கும் முதல் பொழுதிலேயே நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி புதுக்குடியிருப்பில் ஒரு கொமினிகேசனில் தட்டச்சும் போட்டோகொப்பியும் செய்யும் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை. அவரிடம் நாங்கள் உதவி எதுவும் கேட்டிருக்கவில்லை. எங்கள் பழைய வழிகாட்டியை அச்செடுத்துக் கடை மேசையில் வைத்திருந்தவர், அந்தப் பிரதியையே பஸ்ஸில் கொடுத்துவிட்டார். முன்மட்டையில் பேனையால் மூன்று விபரங்கள்: ஹெல்ப் மெனுவின் கடைசியில் உள்ள அபவுட் பெட்டியில் இருந்த பதிப்பு எண், விண்டோஸ் 10, மெனு ஆங்கிலத்தில். உள்ளே ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ஒரு அடையாளம். பொருந்தாத இடத்தில் சிவப்புக் கோடும் ஒரு வரிக் குறிப்பும், பொருந்திய இடத்தில் சரி.

அந்தச் சரிகள்தான் எங்களைக் காப்பாற்றின. "இந்தப் படி வேலை செய்யவில்லை" என்று எழுதுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கும் நன்றி. ஆனால் பிழை வராத பக்கத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்தப் பக்கம் சரியாக இருக்கிறதா, இல்லை இன்னும் ஒருவரும் அதைச் செய்து பார்க்கவில்லையா? எழுதுகிற எங்களுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். கிடுகுக் கூரையில் உக்கினதை மட்டும் மாற்றலாம். எது உக்கவில்லை என்று தெரியாவிட்டால் முழுவதையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அக்காவின் பிரதி வந்த பிறகு சரி விழுந்த பக்கங்களைத் தொடாமல் விட்டோம். மிஞ்சிய நேரம் முழுவதும் சிவப்புக் கோட்டுக்குப் போனது.

தானியங்கி மீட்பு, அதாவது கணினி திடீரென நின்றாலும் எழுதியதை மீட்க இடையிடையே தானாகச் சேமிப்பது பற்றிய படியில் இருந்தது சின்னக் குறிப்பு, ஆனால் அதில் ஆபத்து இருந்தது. டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய் அதற்கான குறிப்பெட்டியில் 'கிளிக் செய்யுங்கள்' என்று பழைய வழிகாட்டி சொல்கிறது. 24.2 தொடக்கம் அந்தப் பெட்டியில் குறி இயல்பாகவே இருக்கும். "ஏற்கெனவே குறி இருக்கு, சொன்னபடி கிளிக் பண்ணினா எடுபடுது" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். கரண்ட் நினைத்த நேரம் போகிற ஊரில், வழிகாட்டியைச் சொல் தவறாமல் பின்பற்றுகிறவருக்குத்தான் கோப்புப் போகும்! அதனால் இந்த மாதிரிப் படிகளை எல்லாம் மாற்றி எழுதினோம்: 'குறி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் போடுங்கள்.' எதை அழுத்துவது என்பதோடு, முடிவில் திரை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொன்னால் இயல்பு அமைப்பு மாறினாலும் அந்த வரி நிற்கும்.

பக்க எண்ணுக்கு இன்சேர்ட் மெனுவிலேயே தனி உத்தரவு 7.6 பதிப்பில், அதாவது 2023 ஓகஸ்டில் வந்தது. மேலேயா கீழேயா, இடமா நடுவா வலமா என்று கேட்டு அதுவே போட்டுவிடும். பக்கத்தின் அடிப்பகுதியை (ஃபூட்டர்) திறந்து பக்க எண் புலத்தைச் செருகும் பழைய வழியும் இன்றைக்கும் வேலை செய்கிறது என்று அக்கா சரி போட்டிருந்ததால் அதை வெட்டவில்லை, இரண்டாவதாக வைத்தோம். செயற்றிட்ட அறிக்கையின் முகப்புத் தாளில் எண் வரக்கூடாது என்றால், பக்கப் பாணியின் ஃபூட்டர் தத்தலில் 'முதற்பக்கத்திலும் அதே உள்ளடக்கம்' என்ற குறியை எடுப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குத் தெரியத்தான் வேண்டும்.

எழுத்துரு அத்தியாயத்தில் இருந்த குறிப்புக்கு மட்டும் தனி மடல் எழுதலாம். எஃப்11 அழுத்திப் பந்திப் பாணியைத் திறந்து எழுத்துருவை மாற்றும் படிக்குப் பக்கத்தில் சரியும் கோடும் இரண்டும் இருந்தன. கீழே: "பாமினிக்குச் சரி, யூனிகோட்டுக்கு இல்லை." பாமினி பழைய தமிழ் எழுத்துரு, யூனிகோட் இப்போதைய பொது எழுத்துக் குறியீட்டு முறை. பதிப்பு மாறியதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தப் பெட்டியில் எழுத்துருவுக்கு வெவ்வேறு இடங்கள் உண்டு. ஒன்று ஆங்கிலம் போன்ற மேற்கத்திய எழுத்துக்கு, இன்னொன்று சிடிஎல் என்று போட்டிருப்பது, தமிழுக்கானது. யூனிகோட் தமிழ் சிடிஎல் இடத்துக்குத்தான் கட்டுப்படும், மற்றதை எத்தனை தரம் மாற்றினாலும் அசையாது. பாமினியில் அடித்தது கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்து. ஆகவே அது மேற்கத்திய இடத்துக்குக் கட்டுப்படும். மாதர் சங்கக் கூட்டறிக்கை பாமினியில் வரும், பள்ளிப் பிள்ளையின் ஒப்படை யூனிகோட்டில் வரும், இரண்டும் ஒரே மேசைக்கு வருவது கடையில்தான். வழிகாட்டி எழுதுகிற நாங்கள் யூனிகோட்டில் மட்டும் சோதிக்கிற ஆட்கள், இந்த வேறுபாடு எங்கள் கணினியில் தெரியவே வராது. இப்போது அந்தப் படி இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

மற்றவர்களைச் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்க வேண்டாம். 300 எம்பிக்கு மேற்பட்ட நிறுவற்கோப்பைத் தங்கள் டேட்டாவில் இறக்கிப் பென் டிரைவில் மாங்குளத்துக்கும் மல்லாவிக்கும் கொண்டுபோனவர்கள். வெளியீட்டுக் குறிப்புகளை வரிவரியாகப் படித்து, எந்த மாற்றம் எந்த அத்தியாயத்தைத் தொடும் என்று அட்டவணை போட்ட தம்பி. ஸ்கிரீன்ஷொட் எடுத்த உயர்தர மாணவர்கள். புதிய பயனர் கோப்புறையோடு (ஒருவர் செய்த அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) திறந்து எடுத்தால்தான் புதிதாக நிறுவுகிறவர் காணும் திரை கிடைக்கும். லினக்ஸில் அந்தக் கோப்புறைக்கு 4.0 காலத்தில் இட்ட '4' என்ற பெயரே இன்னும் இருப்பதால், புதிய பதிப்பும் பழைய கருவிப்பட்டை ஒழுங்கையே தூக்கிக்கொண்டு வரும். இதைச் சொல்லித் தந்த ஆசிரியருக்குத் தனி வணக்கம். படங்களை உட்பொதிக்காமல் இணைப்பாக வைக்கச் சொன்னவரும் அவர்தான். அதே பெயரில் புதுப் படத்தைக் கோப்புறையில் போட்டால் ஆவணத்தில் தானாக மாறும். வெளியிடுமுன் எடிட் மெனுவில் வெளி இணைப்புகளைத் திறந்து இணைப்பை முறித்தால் படம் உள்ளே வந்துவிடும். படிகளை வாசித்துக் காட்டிய தாய்மார், இரவில் தேநீர் தந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

இனிச் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறோம். 25.8 விண்டோஸ் 7, 8, 8.1 கணினிகளில் ஓடாது. அப்படியான கணினிகள் இன்னும் பாவனையில் இருப்பதால், 25.2 வழிகாட்டியைப் புதியதால் மூடி அழிக்கமாட்டோம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், முதல் தாளிலேயே எது யாருக்கு என்று இருக்கும். பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும் வரும் பெரும் பதிப்புகளுக்கு மட்டும் திருத்துவோம். எண்ணில் மூன்றாவது இலக்கம் மாறுவது பெரும்பாலும் வழுத்திருத்தம், அதன் பின்னால் ஓடத் தேவையில்லை. படம் எத்தனையாவது என்பதைக் கையால் அடிக்கமாட்டோம், குறுக்குக் குறிப்பாகச் செருகி எஃப்9 அழுத்துவோம். ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும், கடைசியாகச் சரிபார்த்த பதிப்பும் இயங்குதளமும் இருக்கும்.

அச்சுப் பிரதிக்கு வலது ஓரம் 5 செ.மீ. விடப்போகிறோம். வேண்டியவர்களுக்குப் பரந்தனிலும் ஒட்டுசுட்டானிலும் கொடுக்க ஒழுங்கு செய்கிறோம். சரியும் போடுங்கள், கோடும் போடுங்கள், முன்மட்டையில் அக்கா எழுதியது போல அந்த மூன்று விபரமும் எழுதுங்கள். மெயில் மேர்ஜ் அத்தியாயத்தில் இன்னும் ஒரு சரிகூட விழவில்லை. கடையில் அந்த வேலை வருவதில்லை என்று அக்கா அதை வெறுமையாக விட்டிருக்கிறார். சங்க உறுப்பினர் பட்டியலை வைத்து ஆளுக்கொரு கடிதம் அடிக்கிற யாராவது இருந்தால், தயவுசெய்து அங்கிருந்து தொடங்குங்கள்.