மலர் விஷயமாகச் செல்விக்கு

பாபநாசம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே குறுவை அறுப்பு முடிந்தது. ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பிவிட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைக்கிறோம். வருஷா வருஷம் இதே கூத்துதான்.

சரி, உன் பெண் மலர் உடம்பு போடுகிற விஷயம். உன் மாமியார் ‘வாயைக் கட்டத் தெரியாதவள்’ என்கிறார், நீ ‘எங்கம்மா வீட்டு வாகு’ என்கிறாய். நான் உன் பக்கம். ஆளுக்கு ஆள் எடை மாறுவதில் 40 முதல் 70 சதவீதம் பரம்பரையால்தான் என்கிறார்கள். எஃப்.டி.ஓ. என்றொரு மரபணு, உடல் எடையோடு அதற்குள்ள தொடர்பு 2007இல் தெரியவந்தது. அதன் ஒரு வடிவம் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தவர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள், ஐரோப்பியர்களிடம் பார்த்த கணக்கு இது. அவர்களுக்குப் பசி அதிகம், வயிறு நிறைந்தது சட்டென்று தெரியாது. இன்னொரு சோறு கேட்கிற பிள்ளையைத் திட்டி என்ன பயன்?

லெப்டின் என்ற ஹார்மோன் பிறவியிலேயே சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997இல் இங்கிலாந்தில் எழுதினார்கள். எட்டு வயதுப் பெண் 86 கிலோ! அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டதும் ஓயாத பசி அடங்கி, எடையும் இறங்கியது. மன உறுதியா வந்து சேர்ந்தது, சொல்லு? ஆனால் இது மிக அபூர்வம், மலருக்கு இருக்குமோ என்று பயப்படாதே. அவளைப் போன்றவர்களுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டிவிடுகின்றன.

உன் அம்மாவுக்கும் அதே வாகுதானே? முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டவரை ஒல்லியாகத்தான் இருந்தார். நடவு மெஷின் வந்தபிறகுதான் உடம்பு போட்டது. எஃப்.டி.ஓ. ஆட்களிலும் உடல் உழைப்பு உள்ளவர்களுக்கு அதன் வேகம் கால்பங்குக்குமேல் குறைகிறதாம். மலரோ பேங்க் தேர்வுக்கு நாளெல்லாம் உட்கார்ந்தே படிக்கிறாள்.

எச்சில் எடுத்து அனுப்பினால் மரபணு சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்தக் காசை வீணாக்காதே. தெரிந்தாலும் செய்யப்போவது அதேதான். முதலில் தைராய்டு பார். இடுப்பை டேப் வைத்து அள; நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் சர்க்கரையும் பார்த்துவிடு. சாயங்காலம் அவளோடு நீயும் ஆற்றங்கரைவரை நட. மாமியாரிடம் நான் வேண்டுமானால் போனில் பேசுகிறேன்.

அன்புடன்,
வசந்தா