54வது மாசசூசெட்ஸ் ரெஜிமெண்ட் கதைய தமிழ்ல சொல்ல உதவின எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்கு பக்கம் சண்டை போட்ட கறுப்பின வீரர்களோட படைப்பிரிவு தான் இந்த 54வது மாசசூசெட்ஸ் ரெஜிமெண்ட்; அவங்க தெற்கத்திய படையோட ஃபோர்ட் வாக்னர் கோட்டைய தாக்கின சண்டை பத்தின நம்ம ஆடியோ தொடர் நல்லபடியா முடிஞ்சுது, இதுக்கு உதவினவங்களுக்கு தனித்தனியா மெசேஜ் போட்டா மனசு ஆறாதுன்னு தான் பொதுவாவே எழுதுறேன்.

முதல்ல பாஸ்டன் காமன் பூங்காவுல இருக்கற இந்த ரெஜிமெண்டோட நினைவுச்சின்னத்துக்கிட்ட எங்களுக்கு விளக்கம் சொன்ன ரேஞ்சர் அம்மா. குதிரை மேல ரெஜிமெண்டோட தளபதி, வெள்ளைக்காரரான கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா, கூடவே நடந்து போற கறுப்பின வீரர்கள், 1897ல திறந்த வெண்கல சிற்பம் அது. குதிரைய அப்புறம் பாக்கலாம் முதல்ல நடக்கறவங்க முகத்த ஒவ்வொண்ணா பாருங்கன்னு சொன்னாங்க. செத்துப்போன அதிகாரிங்க பேர் மட்டும் தான் ஆரம்பத்துல பொறிச்சிருந்தாங்களாம், சிப்பாய்ங்க பேர் வந்தது 1980கள்ல தான். இத கேட்டப்புறம் தான் கர்னல விட்டுட்டு சிப்பாய்ங்க பக்கத்துல இருந்தே கதைய சொல்லணும்னு முடிவு பண்ணேன்.

மேப் வரைஞ்சு குடுத்த தம்பிக்கு பெரிய நன்றி. கோட்டை இருந்த தென் கரோலினா மோரிஸ் தீவுல ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சதுப்பு, நடுவுல குறுகலான மணல் பாதை, அது வழியா தான் 1863 ஜூலை 18 சாயந்திரம் சுமார் 600 பேர் கோட்டைய நோக்கி ஓடினாங்க, அதுவும் ரெண்டு நாள் முன்னாடி தான் ஜேம்ஸ் தீவுல சண்டை போட்டுட்டு சரியான தூக்கமோ சாப்பாடோ இல்லாம வந்தவங்க. மேப்ப பாத்தா தான் ஒதுங்க இடமே இல்லன்னு புரியுது. ஷா கோட்டை சுவர் மேலயே செத்துட்டாரு, செத்தவங்க காயம்பட்டவங்க காணாம போனவங்க சேர்த்து பாதிக்கு கொஞ்சம் கம்மியா இழப்பு. சார்ஜென்ட் வில்லியம் கார்னி உடம்பெல்லாம் காயத்தோட கொடிய கீழ விடாம திருப்பி கொண்டு வந்தாரு, அதுக்கு அமெரிக்காவோட உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் குடுத்தது 1900ல. 37 வருஷம்! எனக்கு இன்னும் கோவம் வருது.

சம்பள விஷயத்த ஒரு முழு பகுதியா பண்ண சொன்னது நம்ம வார இறுதி தமிழ் வகுப்பு பசங்க தான். வெள்ளைக்கார சிப்பாய்ங்க மாதிரியே மாசம் 13 டாலர்னு சொல்லி சேர்த்துட்டு 10 டாலர் தான், அதுலயும் துணிக்கு 3 டாலர் பிடிப்போம்னு சொன்னதும் மொத்த ரெஜிமெண்டும் ஒத்த காசு வாங்க மாட்டோம்னுட்டாங்க, மாசசூசெட்ஸ் மாநிலமே மீதிய தரேன்னு சொல்லியும் கேக்கல. அப்ப வீட்ல இருக்கறவங்க எப்படி சாப்பிட்டாங்கன்னு ஒரு பொண்ணு கேட்டா பாருங்க, அந்த கேள்வி தான் அந்த பகுதி முழுக்க. குடும்பங்க ரொம்ப கஷ்டப்பட்டாங்க, 1864 ஜூன்ல சம சம்பளத்துக்கு சட்டம் வர்ற வரைக்கும் இவங்க அசையல. என்னைக் கேட்டா கோட்டை மேல ஏறுனத விட இது தான் கஷ்டமான சண்டை.

இதே ரெஜிமெண்ட்ல இருந்த கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங் இந்த சம்பளம் பத்தி 1863 செப்டம்பர்ல ஜனாதிபதி லிங்கனுக்கு எழுதின கடிதத்த தமிழ்ல கொண்டு வந்த ஆசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நாங்க சிப்பாயா கூலியான்னு கேக்குற எடத்துல கெஞ்சுற தொனி துளி கூட வந்துரக் கூடாதுன்னு திரும்ப திரும்ப திருத்தினாரு, கடிதம் எழுதின குடிங் சம்பளம் கைக்கு வராமலே தெற்கத்திய படையோட ஆண்டர்சன்வில் சிறைமுகாம்ல செத்துட்டாரு.

கடைசி பகுதில ஆளுக்கு கொஞ்சமா சிப்பாய்ங்க பேர வாசிச்ச அக்கா அண்ணன் எல்லாருக்கும், அதுல ஒரு பேர கூட அவசரமா படிக்காததுக்கு ரொம்ப ரொம்ப நன்றி.