ஞாயிறு கப்பன் பார்க் ஸ்பானிஷ் வகுப்புக்கு முன்னால் ஒரு வார்த்தை

வணக்கம் நண்பர்களே. போன வாரம் பாதிப் பேர் 'யோ குஸ்தோ கஃபே' என்றே எழுதியிருந்தீர்கள். ஆங்கிலம் வழியாகப் போவதால் வரும் வினை இது. தமிழில் 'நான் பிடிக்கிறேன் காபி' என்போமா? 'எனக்குக் காபி பிடிக்கும்'. ஸ்பானிஷும் அப்படித்தான்: 'மே குஸ்தா எல் கஃபே'. பிடித்த பொருள் பன்மையானால் வினையும் மாறும்: 'மே குஸ்தான் லாஸ் தோசாஸ்'. இந்த ஓர் இடத்தில் நமக்கு அதிர்ஷ்டம், விட்டுவிடாதீர்கள்.

வயதுக்கு 'சோய்' (ஆங்கில 'ஐ ஆம்') வேண்டாம், 'தெங்கோ 30 ஆன்யோஸ்' ('என்னிடம் 30 ஆண்டுகள் உள்ளன') என்றே சொல்லுங்கள்.

அப்புறம் சேர், எஸ்தார். இரண்டுமே 'இரு' என்னும் வினைதான்; 'நான்' என்று சொல்லும்போது சோய், எஸ்தோய் ஆகும். எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, ஒரு ஆன்லைன் உரையாடலில் 'சோய் அபுர்ரிதோ' என்றேன். எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார். 'நான் சுவாரசியமே இல்லாத ஆள்' என்று அறிமுகம் செய்துகொண்டிருக்கிறேன்! 'எஸ்தோய் அபுர்ரிதோ' என்றிருக்க வேண்டும்.

'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்பதும் முழுசாகச் சரியில்லை: 'எல் ப்ரோப்லேமா', 'எல் தியா' இரண்டும் ஆண்பால். 'ஓ'வில் முடியும் 'லா மானோ'வோ பெண்பால். பெயர்ச்சொல்லை அதன் முன்னால் வரும் எல் (ஆண்பால்), லா (பெண்பால்) சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், வேறு வழியில்லை.

ஞாயிறு வரும்போது ஆளுக்கு ஐந்து 'மே குஸ்தா' வாக்கியம், கையால் எழுதி. மழை வந்தால் வகுப்பு வீடியோ காலில்.