மணிக்கு 150 ரூபாய்க்குச் சீனம் கற்றுத்தரும் சகாக்களுக்கு

குமரி மாவட்டத்தில் வீட்டில் வைத்தும் வீடு தேடிப்போயும் சீன மொழி சொல்லித்தரும் நண்பர்களுக்கு,

சென்ற மாதம் ஒரு தாய் என்னிடம் கட்டணம் விசாரித்தார். மணிக்கு 500 ரூபாய் என்றேன். “தக்கலையில் 150க்குச் சொல்லித்தருகிறார்களே, அதே சீனம்தானே சார்?” என்றார். அதே சீனம்தான். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

நாம் சிலபேர்தான் இருக்கிறோம். சீனாவில் மருத்துவம் படித்துத் திரும்பியவர்கள், கப்பல் வேலையில் மொழி பிடித்தவர்கள், என்னைப்போல் சீனாவின் யீவூ மொத்தச் சந்தையில் வியாபாரிகளுக்கு மொழிபெயர்த்துக் காலம் தள்ளியவர்கள். விலை சொல்ல நமக்குக் கூச்சம். தோவாளையில் பிச்சிப்பூ விற்கிறவருக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

என் கணக்கைச் சொல்கிறேன். வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் போக ஒன்றேகால் மணி நேரம், திரும்ப ஒன்றேகால். பாடம் ஒரு மணி. தயாரிப்பும் நோட்டுத் திருத்தமும் இன்னொரு மணி. ஆக நாலரை மணி. அதற்கு 150 வாங்கினால் மணிக்கு 33 ரூபாய், பஸ் டிக்கெட்டைக் கழிக்காமலே. ரப்பர் பால்வெட்டுகிறவர் மரக்கணக்குப் பேசித்தான் தோட்டத்துக்குள் கால் வைக்கிறார். நாம் மட்டும் ‘பார்த்துக் கொடுங்கள்’ என்கிறோம்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. ‘தொடக்கநிலைதானே’ என்று குறைத்து வாங்குவது. சீன மொழித் திறனை அளக்கும் ஹெச்எஸ்கே தேர்வில் 2010இல் வந்த திட்டப்படி முதல் நிலைக்கு 150 சொற்கள், நான்காம் நிலைக்கு 1,200. சொல்லை எண்ணி விலை வைத்தால் தொடக்கநிலை மலிவாகத்தான் தெரியும். ஆனால் நாக்கு வளைவது அந்த 150இல்தான். தமிழில் ஒரே ‘ப’. சீனத்திலோ, மூச்சை அடக்கி ‘பாவ்’ என்றால் வயிறு நிறைந்தது. மூச்சை ஊதிச் சொன்னால் ஓடுவது. இரண்டுக்கும் தொனியும் ஒன்றே, இறங்கி ஏறும் மூன்றாம் தொனி. ஒரு பையனின் வாய்க்கு முன்னால் பஸ் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு முப்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ‘ஓடு’ என்னும்போது தாள் ஆட வேண்டும், ‘நிறைந்தது’ என்னும்போது ஆடக் கூடாது. தேநீர் கொண்டுவந்த அவன் அம்மா, “இன்னும் அந்த ஒரு சொல்தானா?” என்று கேட்டார். அந்த ஒரு சொல்தான். இங்கே விட்டுவிட்டால் மூன்று வருடம் கழித்து யாராலும் திருத்த முடியாது. பிறகு அந்தப் பையன் மருத்துவம் படிக்கச் சீனா போவான். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், வார்டில் படுத்திருக்கும் நோயாளி சீனத்தில்தான் வலியைச் சொல்வார்.

ஆகவே என் கட்டணம் இது: என் வீட்டிலோ காணொளியிலோ ஒருவருக்கு மணிக்கு 500, எந்த நிலையானாலும். வீடு தேடி வர வேண்டுமென்றால் பயண நேரத்துக்கு மணிக்கு 100 கூடுதல். மார்த்தாண்டத்துக்கு 750 வரும். நாலரை மணியில் வகுத்தால் அப்போதும் மணிக்கு 167தான். நான்கு பிள்ளைகள் சேர்ந்து வந்தால் ஆளுக்கு 200. வகுப்புக்கு வர முடியாது என்று முந்தின நாளே சொல்லாவிட்டால் பாதிக் கட்டணம். இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது இன்னமும் என் குரல் தாழ்ந்துபோகிறது.

கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை வந்தால் காசே வாங்காதீர்கள். நானும் இரண்டு பேருக்கு அப்படித்தான் சொல்லித்தருகிறேன். கார் வைத்திருக்கிற வீட்டுக்கு 150 என்று சொல்வதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

இந்தக் கணக்கில் பிழையிருந்தால் தொலைபேசியில் திருத்துங்கள். செவ்வாய், வெள்ளி மாலைகளில் மட்டும் வேண்டாம். மார்த்தாண்டம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

இப்படிக்கு,
வடசேரியிலிருந்து உங்களில் ஒருவன்